இரண்டு கையாலும்

5.8.2024, திங்கள்

வந்து சேர்ந்தேன். மலை ஏறும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் முழங்கால் மடங்கியே இருந்தது. முகாம் வாசலில் என் கம்பை உள்ளே விட மறுத்தார்கள். ஆயுதம் என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய். தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு மூங்கிலை ஆயுதம் என்கிறான். இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், போய்க் கேள் என்றேன். முக்கால் மணி நேரம் நின்றேன்.

கேப்டன் நந்தகுமார் வந்து அழைத்துப் போனார். கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும். "மன்னிச்சுக்குங்கய்யா, நிக்க வெச்சுட்டாங்க. டீ குடிச்சீங்களா?" என்றார். டீ வேண்டாம், முதலில் என் கம்பு என்றேன்.

ஆறு வாரம். முப்பது ஜவான்கள், எல்லையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். கத்தியோடு வருபவனை வெறுங்கையால் சமாளிப்பது, மூச்சு, தன் உடம்பைத் தானே கவனிப்பது, இவற்றை நான் சொல்லித்தர வேண்டும். நன்றாக இருந்தால் பாடத்திட்டத்தில் சேர்ப்பார்களாம். தாளில் 'சோதனை முயற்சி' என்று இருக்கிறது. எழுபத்தொரு வயதில் எனக்குப் பரீட்சை.

யாரிடம் கற்றீர்கள் என்று கேப்டன் கேட்டார். யாரிடமும் இல்லை. அருப்புக்கோட்டை மில்லில் ஃபிட்டராக இருந்தேன். ஷிப்ட் முடிந்து மொட்டைமாடியில் தனியாக ஆடினேன். திருவிழாவில் சிலம்பம் ஆடுபவர்களின் காலை மட்டும் பார்த்தேன். கையைப் பார்ப்பவன் வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். சுபேதார் அருளப்பன் இந்த முகாமில்தான் இருக்கிறான். என் மகன் கார்மேகம் பட்டாளத்தில் செத்தபோது பக்கத்தில் நின்றவன். விசாரணையில் சாட்சி சொன்னவன். அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அவன் சொன்ன ஒரு வரி இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி ஒன்பது வருடத்தில் பதினோரு மனு போட்டுவிட்டேன். நீக்கவில்லை. அருளப்பன் தன் வாயாலேயே அதைத் திரும்பப் பெற வேண்டும். அதை வாங்காமல் நான் மலை இறங்கப்போவதில்லை.

6.8.2024

வெந்நீர் வாளி அறை வாசலில் இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை.

காலையில் மைதானத்தில் நிறுத்தினேன். முப்பது பேர் கையிலும் பெரிய கடிகாரம். இதயம் எத்தனை தரம் துடிக்கிறது, எத்தனை அடி நடந்தான், ராத்திரி எவ்வளவு தூங்கினான், எல்லாம் அதில் வருகிறது. எல்லோரும் கழற்றுங்கள் என்றேன். கழற்றினார்கள். அடுத்து பூட்ஸ். கழற்றினார்கள். ஈரப் புல்லில் கண்ணை மூடி நின்று, உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். ஒருவனுக்கும் தெரியவில்லை.

"ஐயா, பாரமெல்லாம் எனக்கு நெஞ்சுலதான் இருக்கு" என்றான் ஒருவன். பெயர் இசக்கிராஜா. வள்ளியூர்க்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

"கல்யாணம் ஆயிருச்சா உனக்கு?"

"தேதி குறிச்சாச்சு ஐயா. தை மாசம்."

"அப்ப அந்தப் பாரம் தலைக்கு ஏறும். இப்பக் காலப் பாரு" என்றேன்.

மைதானத்தின் கோடியில் அருளப்பன் நின்றான். கார்மேகம் அனுப்பிய படத்தில் பார்த்த முகம், உடனே தெரிந்துகொண்டேன். நெற்றி ஏறியிருக்கிறது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கிட்டே வரவில்லை. நானும் போகவில்லை.

8.8.2024

இன்று ஆயுதப் பறிப்பின் முதல் பாடம். கத்தி வரும்போது பின்னால் போகாதே, பக்கவாட்டில் உள்ளே போ. மணிக்கட்டைப் பிடி, திருகு, எடு. ரப்பர் கத்திதான். இருந்தாலும் பாதிப் பேர் கண்ணை மூடுகிறார்கள்.

கை யோசிக்கக் கூடாது. யோசித்தால் அரை நொடி போய்விடும். ஆயிரம் தரம் செய்தால் மனம் தானாக விலகிக்கொள்ளும், கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இதுதான் என் பாடம் முழுவதும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

கடைசியில் என் வணக்கத்தையும் சொல்லித்தந்தேன். பறித்த ஆயுதத்தை வென்றவன் வைத்துக்கொள்ளக் கூடாது. பிடியை எதிராளி பக்கம் திருப்பி, இரண்டு கையாலும், தாடை நெஞ்சைத் தொடும்வரை தலை குனிந்து கொடுக்க வேண்டும். தோற்றவன் இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த ஆட்டம்.

"இது எதுக்கு ஐயா?" என்றான் இசக்கிராஜா.

காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் பொங்கல் ஆட்டத்தில் ஒருவன் என் கம்பைத் தட்டி எடுத்துக் கண்மாய்க்குள் வீசினான். ஆசான் இல்லாதவனுக்குக் கம்பு எதற்கு என்றான். ஊரே சிரித்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தேன். என் பாடத்தில் எவனும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். யாரும் சொல்லித்தந்த வழக்கமில்லை இது. முழுக்க என்னுடையது.

"சொன்னதச் செய்" என்றேன் அவனிடம்.

12.8.2024

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். இரண்டு ஜோடி சாக்ஸ் துவைத்துப் போட்டேன். இந்த ஊரில் எதுவும் காய்வதில்லை.

சிலர் தூங்க ஆரம்பித்திருக்கிறார்களாம். ராத்திரிப் படுத்ததும் நாலு எண்ணி இழு, ஏழு எண்ணி விடு, விடும்போது பாதத்தை நினை என்று சொல்லியிருந்தேன். ஏழு மாதமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்காத ஒருவன் விடியும்வரை தூங்கினானாம். கடிகாரத்தில் பார்த்துச் சொன்னான். அது சொன்னால்தான் நம்புவான்.

அறிக்கையின் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். இங்கிலீஷில் இருந்ததை வக்கீல் குமாஸ்தா வாசித்துச் சொன்னதும் மனப்பாடம் ஆகிவிட்டது. 'எதிராளியிடமிருந்து கத்தியைப் பறித்த பின் நாயக் கார்மேகம் அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். காரணம் தெரியவில்லை.'

இந்த வரியால்தான் விருதுக்குப் போன பரிந்துரை திரும்பி வந்தது. அதுகூடப் போகட்டும். கருமாதி அன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு என் சொந்தச் சித்தப்பா மகன் சொன்னான், "பயத்துல குடுத்துட்டான் போல." இலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அவனோடு இன்றுவரை பேச்சில்லை. கார்மேகத்தின் அம்மாவும் அதைக் கேட்டுவிட்டாள். அடுத்த வருடமே அவளும் போய்விட்டாள்.

பறித்த கத்தியை யாராவது திருப்பிக் கொடுப்பானா? பைத்தியக்காரன்கூடச் செய்ய மாட்டான். தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடியவர்கள் செத்தவன்மேல் பழியைப் போட்டுவிட்டார்கள்.

எழுதும்போது நெஞ்சில் ஏதோ அடைத்தது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை.

15.8.2024

கொடியேற்றினார்கள். லட்டு கொடுத்தார்கள். கார்மேகத்துக்கு லட்டு பிடிக்காது.

20.8.2024

பயிற்சி பிடித்துக்கொண்டது. முப்பதில் இருபது பேர் இப்போது கண்ணை மூடுவதில்லை. கத்தி நீட்டிய மறுநொடி பறிபோகிறது. யாரும் சொல்லாமலே வணக்கமும் வருகிறது.

மெஸ்ஸில் ஒரே சிரிப்பு. சோறு போடுபவன் கையிலிருந்து இசக்கிராஜா கரண்டியைப் பிடுங்கினான். அடுத்த நொடியே இரண்டு கையிலும் ஏந்தித் தலை குனிந்து அவனிடமே கொடுத்துவிட்டான். தானாக வந்திருக்கிறது.

"ஏல, கரண்டிக்குமா கும்பிடு?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"எனக்கே தெரியலடே. ஐயா வந்த பொறவு பொண்டாட்டி அடிச்சாக்கூட வெளக்குமாத்த வாங்கித் திருப்பிக் குடுத்துருவேன் போல."

நானும் சிரித்தேன். நாள் கணக்கில் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டே நாளில் கைக்கு ஏறிவிட்டது. கேப்டனிடம் சொன்னேன், இதுதான் பயிற்சியின் அடையாளம் என்று. அவர் குறித்துக்கொண்டார்.

அருளப்பன் அடுத்த மேஜையில் இருந்தான். சாப்பிடாமல் எழுந்து போனான்.

24.8.2024, சனி

இன்று கேட்டுவிட்டேன். ஆயுதக் கிடங்கின் பின்னால் அவன் தனியாக நின்றான்.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியுதுய்யா."

"எம் மகன் கத்தியத் திருப்பிக் குடுத்தான்னு சொன்னியே, நீ பாத்தியா?"

"பாத்தேன்யா."

"பொய்யி. பொய்ச் சாட்சி சொன்னேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடு. ஒன்னய நான் எதுவும் செய்ய மாட்டேன். வழக்குப் போட மாட்டேன். அவன் பேரு மட்டும் எனக்குத் திரும்பி வந்தாப் போதும்."

தலை குனிந்து நின்றான். மடங்காத அந்த இரண்டு விரல்களையும் வலது கையால் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வாரம் பொறுங்கய்யா."

"ஒம்போது வருசம் பொறுத்துட்டேன்."

"அதுக்கு மேல ஒரு வாரம். ஒங்க காலுல வேணும்னாலும் விழுறேன்."

குற்றமுள்ள ஆள்தான் இப்படி நாள் கேட்பான். கையெழுத்துப் போட மனசு வந்துவிட்டது, தைரியம்தான் வரவில்லை என்று நினைக்கிறேன். பாண்டிமீனாவுக்கு, என் மருமகளுக்கு, போன் போட்டேன். வரி போகப்போகிறது தாயி என்றேன். "சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள். பதினோரு மனுவிலும் என் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

27.8.2024

மழை. உள்ளரங்கில் மூச்சு மட்டும்.

31.8.2024, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி. உள்ளரங்கில் முப்பது பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் பின்னால் நாற்காலியில் இருந்தார். கதவு திறந்து ஒருவன் வந்தான். தலையில் துண்டு, மேலே சால்வை. யாரோ எடுபிடி ஆள் என்று நினைத்தேன். வரிசைக்கு நடுவே வந்ததும் சால்வைக்குள்ளிருந்து கத்தியை எடுத்து, கத்திக்கொண்டே இசக்கிராஜாமேல் பாய்ந்தான்.

இசக்கிராஜா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்த வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பின்னால் போகவில்லை. பக்கவாட்டில் உள்ளே போனான். மணிக்கட்டு, திருகல், கத்தி அவன் கையில். ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. சபாஷ் என்று என் வாய் திறந்தது.

அதற்குள் அவன் கத்தியைத் திருப்பினான். பிடி எதிராளி பக்கம். இரண்டு கையாலும் ஏந்தினான். தலை குனிந்தான். தாடை நெஞ்சைத் தொட்டது.

வந்தவன் அதை வாங்கி, குனிந்திருந்த கழுத்தின் பக்கவாட்டில் ஒரு குத்து குத்தினான்.

ரப்பர் கத்திதான். நுனியில் சிவப்புச் சாக்பொடி தடவியிருந்தார்கள். கழுத்தில் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. அரங்கமே சிரித்தது. கேப்டன் எழுந்து கைதட்டிச் சிரித்தார். இசக்கிராஜா கழுத்தைத் தடவி, கையைப் பார்த்துவிட்டு, "கை தானாப் போயிட்டு சார்" என்றான்.

வந்தவன் தலைத்துண்டை அவிழ்த்தான். அருளப்பன். அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

1.9.2024

இன்று எதுவும் இல்லை.

2.9.2024, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். வெந்நீர் வாளியோடு அருளப்பன் வந்தான். இத்தனை நாளும் அதை வைத்தது அவன்தான். உள்ளே வரச் சொன்னேன். கட்டிலில் உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தான்.

"சொல்லு" என்றேன்.

"ரோட்டுச் சோதனைய்யா. சாயங்காலம் நாலு மணி இருக்கும். லேசாத் தூறிக்கிட்டிருந்துச்சு. ஒரு வேன நிறுத்துனோம். அதுலேர்ந்து எறங்குன ஆளு சால்வைக்குள்ளேர்ந்து கத்திய எடுத்து என்மேல வந்தான். நான் துப்பாக்கிய எடுக்கக்கூட இல்ல. கார்மேகம் குறுக்க வந்தான். ரெண்டு நொடி இருக்காதுய்யா. கத்தி அவன் கைக்கு வந்துருச்சு. நாங்க நாலு பேரும் அப்பாடான்னு மூச்சு விட்டோம்."

"பெறகு?"

"ஒங்களுக்குத் தெரியும்யா."

"நீ சொல்லு."

"திருப்பிப் பிடிச்சு, ரெண்டு கையாலயும் குடுத்தான்."

"தலை?"

"குனிஞ்சுதான்யா இருந்தான்" என்றான். "நான் பாய்ஞ்சு கத்தியப் பிடிச்சேன். கூருப் பக்கம் கெடச்சுச்சு. ரெண்டு வெரலு அன்னைக்குப் போனது. ஆனா அதுக்குள்ள..."

"மூஞ்சியில என்ன இருந்துச்சு? பயமா?"

"ஐயோ, இல்லய்யா. பயமே இல்ல. பாடம் ஒழுங்கா முடிச்ச மாதிரி இருந்தான்."

வாளியில் ஆவி அடங்கிவிட்டது. பிறகு, காரணம் தெரியவில்லை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"அதுதான்யா நான் சொன்ன பொய்யி. எல்லைப் போஸ்ட்ல கார்மேகம் எங்களுக்கும் சொல்லிக்குடுத்திருந்தான். மூச்சு, பறிக்கிறது, அந்த வணக்கம், எல்லாம். எங்க அப்பா கண்டுபிடிச்சதுன்னு பெருமையாச் சொல்லுவான். காரணம் தெரியுமான்னு விசாரணையில கேட்டப்ப தெரியாதுன்னுட்டேன். ஒங்க பேரு அந்தத் தாள்ல வரக்கூடாதுன்னு நெனச்சேன். மகனப் பறிகுடுத்தவரு, இதையும் எப்படித் தாங்குவாருன்னு."

இந்த முகாமுக்கு என் பெயரைச் சொன்னதும் அவன்தானாம். அந்த மூச்சுதான் அவனைத் தூங்க வைத்ததாம். இவர்களும் தூங்கட்டும் என்று சொல்லியிருக்கிறான். வணக்கத்தை நான் இன்னும் விடவில்லை என்பது மைதானத்தில் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். சொல்ல வாய் வரவில்லையாம். கரண்டியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லையாம்.

"இந்தப் பயலுக அடுத்த மாசம் திரும்ப எல்லைக்குப் போறாங்கய்யா" என்றான்.

போகும்போது என் காலைத் தொட்டான். தடுக்க எனக்குக் கை எழவில்லை.

3.9.2024

எழுதி வைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கார்மேகத்துக்கு அப்போது ஏழு வயது. கம்பைப் பறித்ததும் சந்தோஷத்தில் தூக்கி எறிந்தான். அது கோழிக்கூட்டில் போய் விழுந்தது. அடித்தேன். எடுத்து வரச் சொல்லி, இரண்டு கையாலும் கொடுக்க வைத்தேன். நூறு தரம். அழுதுகொண்டே கொடுத்தான். அவன் அம்மா, பிள்ளை கை நடுங்குது, விடுங்க என்றாள். நடுங்குவது நிற்கும்வரை விடவில்லை.

நின்றது.

4.9.2024

இசக்கிராஜாவை அறைக்கு வரச் சொன்னேன். கம்பால் என்னைத் தாக்கு என்றேன். நான் பறித்து வீசிவிட வேண்டும், அதுதான் கணக்கு. பத்து தரம் செய்தோம். பத்து தரமும் கம்பை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றேன். பதினோராவது தரம் பல்லைக் கடித்துக்கொண்டு பறித்தேன். கம்பு கையை விட்டுப் போகவில்லை.

"விடுங்க ஐயா, வயசான கை" என்றான்.

வயசு இல்லை. உடம்பு பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஒன்பது வருடமாக இந்தக் கை என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"கழுத்துல சாக்பொடி போயிருச்சா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே போயிட்டு ஐயா. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். திரும்பச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

5.9.2024

பாண்டிமீனாவுக்குப் போன் செய்தேன். தாயி, அந்த வரி நிசந்தான் என்றேன். அவள் எதுவும் கேட்கவில்லை. ஏன், எப்படி, யார் சொன்னார்கள், ஒன்றும் இல்லை. வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் நின்றது.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

கல்யாணமான புதிதில் அடுப்படியில் அவள் கையிலிருந்து கத்தியை விளையாட்டுக்குப் பிடுங்குவானாம். உடனே குனிந்து இரண்டு கையாலும் கொடுப்பானாம். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாளாம். அறிக்கையை வாசித்துக் காட்டிய அன்றே இவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்பறம் ஏன் தாயி எல்லா மனுவுலயும் கையெழுத்துப் போட்ட?"

"நீங்க அலைஞ்சுக்கிட்டிருந்தா தெரிஞ்சுக்காம இருப்பீங்கன்னுதான். அத்தைகிட்டகூட நான் சொல்லல. ஒங்களுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் மாமா." பிறகு, "மாத்திர போட்டீங்களா?" என்றாள்.

போட்டேன் என்றேன். போடவில்லை.

6.9.2024, வெள்ளி

வகுப்புக்குப் போனேன். வணக்கம் இனிமேல் கிடையாது என்றேன். பறித்ததும் வீசு. எட்டாத தூரத்துக்கு வீசு. மூன்று அடி பின்னால் போ. சத்தம் போடு. தலையைக் குனியாதே. அவன் கண்ணைப் பார்.

"ஐயா, நீங்கதான சொன்னீங்க..." என்று ஆரம்பித்தான் ஒருவன்.

"நான் சொன்னது தப்பு" என்றேன்.

இந்த வார்த்தையை நான் இதற்குமுன் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். ஞாபகம் இல்லை.

முதல் நாள் முப்பது பேரில் ஒருவனால்கூட வீச முடியவில்லை. பறிக்கிறார்கள், கை தானாகத் திரும்புகிறது. நான் பக்கத்தில் நின்று வீசு வீசு என்று கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. கேப்டன் வந்து, "ஏனுங்கய்யா இத்தனை அவசரம்? இன்னொரு வாரம் வேணா சேத்து வெச்சுக்கலாமுங்க" என்றார். அடுத்த மாதம் இவர்கள் போகிறார்கள் என்றேன். பாடத்திட்டம் பற்றி அவர் ஏதோ சொன்னார். காதில் வாங்கவில்லை.

9.9.2024

ஆளுக்கு நானூறு தரம். மாலையில் பதினாறு பேர் வீசினார்கள். இசக்கிராஜா வீசவில்லை. நன்றாகக் கற்றவனுக்குத்தான் மறப்பது கஷ்டம். அவனைத் தனியாக நிறுத்தி இன்னும் இருநூறு. அவன் கை நடுங்கியது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். நடுக்கம் நிற்கும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

11.9.2024

பன்னிரண்டாவது மனு எழுதினேன். இதுவரை எழுதியதெல்லாம் ஆறு பக்கம், ஏழு பக்கம். இது முக்கால் பக்கம்.

'நான்காம் பக்கத்தில் உள்ள வரியை நீக்க வேண்டாம். அது உண்மை. அதன் முடிவில் காரணம் தெரியவில்லை என்று இருப்பதை மட்டும் திருத்தக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் எனக்குத் தெரியும். பறித்த ஆயுதத்தைத் தலை குனிந்து திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தை அவனுக்கு ஏழு வயதில் அடித்துச் சொல்லித்தந்தவன், அவன் தகப்பனாகிய நான். அவனுக்குப் பயம் இல்லை. சுபேதார் அருளப்பன் அவர்களுக்கு இந்தப் பழக்கம் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.'

கடைசி வாக்கியம் பொய். அவர் எனக்காக ஒன்று சொன்னார். நான் அவருக்காக ஒன்று.

பாண்டிமீனாவின் கையெழுத்துக்கு இடம் விடவில்லை. இதில் என் பெயர் மட்டும் போதும். தபாலில் சேர்க்க அருளப்பன் அவர்களிடம் கொடுத்தேன். உறையை ஒட்டாமல்தான் கொடுத்தேன். படித்தாரா என்று கேட்கவில்லை.

14.9.2024, சனி

பெட்டி கட்டியாயிற்று. சாக்ஸ் இன்னும் ஈரம். செய்தித்தாளில் சுற்றி வைத்தேன்.

காலையில் கடைசிப் பரீட்சை. எப்போது, யார் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. மைதானத்தில் வெறுங்காலோடு கண்ணை மூடி நின்றிருந்தார்கள். புல்லில் ஈரம். முப்பது பேரும் மூச்சு விடும் சத்தம் ஒன்றாகக் கேட்டது. கேப்டனும் அருளப்பன் அவர்களும் ஓரத்தில் நின்றார்கள்.

கத்தியை எடுத்துக்கொண்டு நானே போனேன். முழங்காலை நினைக்கவில்லை. கத்திக்கொண்டு இசக்கிராஜாமேல் பாய்ந்தேன். கண் திறந்தது. பக்கவாட்டில் உள்ளே வந்தான். என் மணிக்கட்டில் அவன் பிடி விழுந்தது. கத்தி போய்விட்டது.

ஒரு நொடி அவன் கையில் இருந்தது. அந்த ஒரு நொடியில் அவன் தோள் முன்னால் சாயப் பார்த்ததை நான் கண்டேன். பிறகு கை ஓங்கி வீசியது. ரப்பர் கத்தி வேலியைத் தாண்டிச் சரிவில் எங்கேயோ போய் விழுந்தது. மூன்று அடி பின்னால் போனான். "நில்லுல!" என்று கத்தினான். தலை நிமிர்ந்திருந்தது. என் கண்ணையே பார்த்தான்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அந்தக் கத்தியை எடுத்து வரப் போகவும் இல்லை.

"ஐயா, சரியா?" என்றான் இசக்கிராஜா.

சரி என்று சொல்ல நினைத்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.